பழைய பெட்டிக்குப் புதுப் பிடி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மரப்பெட்டி, தகர ட்ரங்கு, ரெக்சின் ஒட்டிய ப்ளைவுட் பெட்டி, மிருதங்கப் பெட்டி, ஓலைப்பெட்டி என எதுவானாலும், பிடி போய்விட்டால் பெட்டியைப் பரணில் ஏற்றிவிடுவதுதான் வழக்கம். பெட்டி நன்றாகத்தான் இருக்கும். நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையுள்ள வீடுகளில் கிடக்கும் பெட்டிகளை மனத்தில் வைத்து எழுதிய பக்கம் இது. வருஷத்துக்கு இரண்டு மழைக்காலம், குளச்சல் முட்டம் பக்கமென்றால் கூடவே உப்புக்காற்று. வறண்ட ஊர்க்காரர்கள் சொல்லும் யோசனை எல்லாம் இங்கே அப்படியே செல்லாது.

பிடி ஒடிந்துவிட்டது. கடைக்குப் போகுமுன் என்னென்ன அளக்க வேண்டும்?

முதலில் எடை. பெட்டியில் வழக்கமாக வைக்கும் சாமான்களை வைத்து மூடி, எடை மெஷினில் ஏற்றுங்கள். வீட்டில் இல்லையென்றால் அரிசிக்கடைத் தராசு போதும். பெரும்பாலானோர் அழகைப் பார்த்துப் பிடி வாங்கி, எடையைக் கடைசியில்தான் யோசிக்கிறார்கள்.

அடுத்து நான்கு அளவுகள். பழைய துளைகளின் மையத்திலிருந்து மையம் வரையுள்ள தூரம். இதைத் துளையின் ஓரத்திலிருந்து ஓரம் அளந்தால் தப்பாகும். ஒரு துளையின் இடது விளிம்பிலிருந்து அடுத்த துளையின் இடது விளிம்பு வரை அளந்தால் சரியாக வரும். பிறகு பிடி உட்காரும் பலகை அல்லது தகட்டின் தடிமன். மூன்றாவது, பழைய ஆணி அல்லது ரிவிட்டின் தடிமன். நான்காவது, பெட்டியின் உள்ளே அந்த இடத்தில் நட்டு உட்கார எவ்வளவு இடம் இருக்கிறது என்பது. கடைசியாகச் சொன்னதை மறந்துவிட்டு, வாங்கி வந்த பிடியைத் திருப்பிக் கொடுக்க அலைகிறவர்கள் நிறைய.

ஒடிந்த பிடியைத் தூக்கி எறியாதீர்கள். கடைக்குக் கையில் கொண்டு போங்கள். எங்கே ஒடிந்தது என்பதையும் பாருங்கள். பிடியின் நடுவில் ஒடிந்திருந்தால் பிடி மட்டும் மாற்றினால் போதும். பிடி முழுதாக இருந்து, அது பதிந்திருந்த இடம் பிய்ந்து வந்திருந்தால், எவ்வளவு நல்ல பிடி வாங்கினாலும் அதே இடத்தில் மறுபடியும் பிய்யும். வருகிற பெட்டிகளில் இரண்டாவது வகைதான் அதிகம்.

எத்தனை கிலோ தாங்கும் பிடி வேண்டும்?

பெட்டியின் எடை 10 கிலோ என்றால் பிடிக்கு வரும் பாரம் 10 கிலோவோடு நிற்பதில்லை. பஸ் படியில் ஏறும்போது, பிள்ளைகள் இழுத்துத் தூக்கும்போது, ஒரு நொடி இரண்டு மூன்று மடங்கு வரும். பிடி ஒரு முனையில் கழன்றுகொண்டிருந்தால் முழுப் பாரமும் மற்ற முனையில் விழும். அதனால் எடையைப் போல் ஐந்து மடங்கு தாங்கும் அமைப்பு என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

15 கிலோவுக்கு மேல் போனால் மேலே ஒற்றைப் பிடி என்ற யோசனையையே விட்டுவிட்டு, பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு பிடி போடுங்கள். பெட்டிக்கும் நல்லது, தூக்குகிறவர் முதுகுக்கும் நல்லது.

சோதிப்பது சுலபம். தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. பெட்டியின் வழக்கமான எடையைப் போல் இரண்டு மடங்கு வரும்வரை தண்ணீர்க் கேன்களை உள்ளே வைத்து, தரையிலிருந்து ஒரு சாண் தூக்கிப் பத்து நிமிஷம் தொங்கவிடுங்கள். இறக்கிய பிறகு ஆணித்தலையைச் சுற்றிப் புதிதாக இடைவெளி தெரிந்தால் வேலை முடியவில்லை என்று பொருள். மணல்மேடு மேல் வைத்துச் சோதித்தால் பிய்ந்தாலும் பெட்டி உடையாது.

கை நுழைய எவ்வளவு இடம் விட வேண்டும்?

நான்கு விரலும் பக்கவாட்டில் நெருக்காமல் உட்கார உள்ளகலம் 10 செ.மீ. வேண்டும், பெரிய கைக்கு 11.5. பிடிக்கும் பெட்டிக்கும் இடையே 3.5 முதல் 4 செ.மீ. பிடியின் தடிமன் 2.5 முதல் 3 செ.மீ. இருந்தால் கனமான பெட்டியும் கையை அறுக்காது.

தகர ட்ரங்குகளில் வருவது 6 மி.மீ. கம்பிப் பிடி. பாரம் முழுவதும் விரலில் ஒரு கோட்டில் விழுவதால் அஞ்சு நிமிஷத்தில் விரல் வெளுத்துவிடும். கம்பியை மாற்ற வேண்டியதில்லை. தோட்டத்துக் குழாயில் 10 செ.மீ. வெட்டி, நீளவாக்கில் கீறிக் கம்பிமேல் மாட்டி, மேலே பருத்திக் கயிறு நெருக்கமாகச் சுற்றினால் போதும்.

பக்கப்பிடி வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். பிடியைத் தூக்கிப் பார்த்தால் 90 டிகிரியில் நிற்க வேண்டும். நிற்காமல் முழுவதும் மேலே மடங்கினால், பெட்டியைத் தூக்கும்போது விரல்முட்டி பலகையில் நசுங்கும். விலை குறைந்த பிடிகளில் இந்த நிறுத்தம்தான் முதலில் காணாமல் போகும்.

பிடியைப் பெட்டியின் நட்டநடுவில் வைத்தால் போதுமா?

வெறும் பெட்டிக்குப் போதும். பெட்டியின் நடுவும் பாரத்தின் நடுவும் ஒன்றல்ல. மிருதங்கம், வயலின், தையல் மிஷின், தச்சுக் கருவிகள் எல்லாமே ஒரு பக்கம் கனத்தவை. உள்ளே சாமானை வைத்து மூடி, பெட்டியை ஓர் உருளைக்கட்டை மேல் குறுக்காக வைத்து உருட்டுங்கள். இரண்டு பக்கமும் தாழாமல் நிற்கும் இடத்தில் சாக்பீஸால் கோடு போடுங்கள். பிடியின் மையம் அந்தக் கோட்டில் வர வேண்டும். மிருதங்கத்தில் இது பெட்டியின் நடுவிலிருந்து விலகி வருவதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

இரண்டாகத் திறக்கும் சூட்கேஸ் வகைப் பெட்டியில் பிடி ஆழமான பாதியில், திறப்பு விளிம்பை ஒட்டி இருக்க வேண்டும். மேல்மூடியில் பிடி வைத்தால் முழுப் பாரமும் கீலுக்கும் நாதாங்கிக்கும் போகும். பெட்டி நடுவழியில் வாய் திறப்பது பெரும்பாலும் இதனால்தான்.

ஸ்க்ரூவா, ரிவிட்டா, போல்ட்டா?

பாரம் எந்தத் திசையில் இழுக்கிறது என்று பாருங்கள். பக்கப்பிடியில் பாரம் ஆணியைக் கீழ்நோக்கி வெட்டப் பார்க்கும். ஆணியைப் பிடுங்கப் பார்க்காது. முக்கால் அங்குலத் தேக்கோ அயினிப் பலகையோ இருந்தால் அதற்கு ஸ்க்ரூ போதும். மேல்பிடியில் பாரம் ஆணியை நேராக வெளியே இழுக்கும். அங்கே ஸ்க்ரூ நம்பக் கூடாது, போல்ட்தான். 6 மி.மீ. ப்ளைவுட் என்றால் எந்தத் திசையானாலும் ஸ்க்ரூ வேண்டாம். இரண்டு மூன்று புரி மட்டும்தான் மரத்தைக் கவ்வும்.

போல்ட் போட்டாலும், உள்ளே சின்ன வாஷர் மட்டும் வைத்தால் ப்ளைவுட்டை அது அப்படியே நறுக்கிக்கொண்டு வெளியே வரும். உள்பக்கத்தில் முட்டுத்தகடு கொடுக்க வேண்டும். 2 மி.மீ. அலுமினியத் தகடு, அல்லது 18 கேஜ் இரும்புத் தகடு, அதுவும் இல்லையென்றால் 6 மி.மீ. ப்ளைவுட் துண்டு. நீளம் பிடியைவிட இரண்டு பக்கமும் 4 செ.மீ. கூடுதலாக, அகலம் 5 செ.மீ.க்குக் குறையாமல். மூலைகளை வட்டமாக அராவுங்கள். கூர்மூலை உள்துணியைக் கிழிக்கும், பலகையில் விரிசலும் அங்கேதான் தொடங்கும்.

செய்முறை: பிடியை வைத்துத் துளைகளைக் குறியுங்கள். குறியின்மேல் ஆணியால் ஒரு தட்டுத் தட்டிக் குழி போடுங்கள், ட்ரில் வழுக்காது. முதலில் 3 மி.மீ., பிறகு 5 மி.மீ. போல்ட்டுக்கு 5.5 மி.மீ. துளை. பின்பக்கம் ஒரு கட்டையை அழுத்திப் பிடித்துத் துளையிட்டால் ப்ளைவுட் சிலாம்பாது. முட்டுத்தகட்டைத் தனியாகக் குறிக்காமல், முதல் துளையில் போல்ட் மாட்டிய பிறகு பெட்டித் துளை வழியாகவே இரண்டாவது துளையை இடுங்கள். தனித்தனியாகத் துளைத்தால் அரை மில்லி விலகியே தீரும். போல்ட் தலை வெளியே, நட்டு உள்ளே. நைலான் வளையம் உள்ள நட்டாகக் கேளுங்கள், அது அதிர்வில் கழலாது. நட்டுக்கு வெளியே இரண்டு புரி தெரிந்தால் போதும். மீதியை ரம்பத்தால் அறுத்து அராவிவிடுங்கள். இல்லாவிட்டால் உள்ளே வைக்கும் பட்டுப்புடவை அதில் மாட்டும்.

தகர ட்ரங்கில் பிடிக் கண் (பிடியை மாட்டும் வளையம்) தகட்டோடு கிழிந்துவிட்டது. வெல்டிங் வைக்கலாமா?

வேண்டாம். ட்ரங்குத் தகடு பெரும்பாலும் 22 அல்லது 24 கேஜ். அதாவது 0.7 மி.மீ., 0.55 மி.மீ. அளவு. ஆர்க் வெல்டிங்கில் ஓட்டைதான் பெரிதாகும். ஓட்டை விழாமல் வைத்துவிட்டாலும், சுற்றிலும் பெயின்ட் கருகி, உள்பக்கம் ஒரு மழைக்காலத்திலேயே துரு பிடிக்கத் தொடங்கும்.

ஒட்டுத்தகடு வைத்து ரிவிட் அடியுங்கள். கிழிந்த ஓரங்களை மரக்கட்டை மேல் வைத்துச் சுத்தியலால் தட்டிச் சமமாக்கி, துருவை எமரித்தாளால் தேய்த்து எடுங்கள். கிழிசலின் நுனியில் 3 மி.மீ. துளை ஒன்று போடுங்கள். கீறல் அதற்கு மேல் ஓடாமல் நிற்க இதுதான் வழி. இதைச் செய்யாவிட்டால் ஒட்டுக்கு அடியிலேயே கிழிசல் நீளும். 18 கேஜ் தகட்டில் 10 செ.மீ.க்கு 7.5 செ.மீ. துண்டு வெட்டி, மூலை மழித்து, இரண்டு பரப்பிலும் ரெட் ஆக்சைடு பூசி, காய்வதற்கு முன்பே உள்பக்கம் வைத்து அழுத்துங்கள். பிடிக் கண்ணுக்கு நான்கு ரிவிட், ஒட்டின் ஓரங்களுக்கு ஆறு. ஓரத்திலிருந்து ரிவிட் மையம் குறைந்தது 10 மி.மீ. தள்ளி இருக்கட்டும், நெருங்கினால் தகடு கிழியும்.

பாப் ரிவிட் போதுமா, கட்டி ரிவிட்தான் வேண்டுமா?

ஓரங்களுக்குப் பாப் ரிவிட், பிடிக் கண்ணுக்குக் கட்டி ரிவிட். பாப் ரிவிட் உள்ளே குழல். நேர் இழுப்பில் அதன் பின்தலை நழுவும். நடுத்துளை வழியாக மழைத்தண்ணீரும் கசியும். 4.8 மி.மீ. ரிவிட்டுக்கு 4.9 மி.மீ. துளை, 4 மி.மீ.க்கு 4.1. துளை அரை மில்லி பெரிதானாலே ஆடத் தொடங்கும். நீளம், சேர வேண்டிய தடிமனோடு ரிவிட்டின் விட்டத்தைவிடச் சற்றுக் கூடுதல்.

கட்டி ரிவிட் அடிக்கும்போது தலையைக் கனமான இரும்பின்மேல் உட்காரவைத்து, மறுபக்கம் ரிவிட் விட்டத்தில் ஒன்றரை மடங்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். 5 மி.மீ. ரிவிட் என்றால் 7.5 மி.மீ. குறைந்தால் தலை விரியாது. கூடினால் வளைந்து படுத்துவிடும். பலமாக நான்கு அடி அடிப்பதைவிட, சுத்தியலின் உருண்டை முனையால் சுற்றிச் சுற்றி இருபது தட்டு நல்லது.

மரப்பெட்டியில் பழைய ஆணித்துளை பெரிதாகிவிட்டது. தீக்குச்சி வைத்து அடைக்கலாமா?

ஊருக்குப் போய்வர ஒரு நாள் தாங்கும். நிரந்தரத்துக்கு அடைப்புக்கட்டை வேண்டும். 10 மி.மீ. ட்ரில்லால் துளையைச் சுத்தமாக்கி, அதே மரத்தில் கட்டை சீவி அடியுங்கள். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. கடையில் விற்கும் உருண்டைக் குச்சியை அடித்தால் அதன் நார் துளையின் போக்கில் ஓடும். ஸ்க்ரூ நாருக்கு இணையாக இறங்குவதால் சரியாகக் கவ்வாது. பலகையின் நார் ஓடும் திசையிலேயே கட்டையின் நாரும் ஓடும்படி குறுக்கு நார்க் கட்டையாக வெட்டித் தரச் சொல்லி ஆசாரியிடம் கேளுங்கள். அரால்டைட் வைத்து ஒரு நாள் காயவிடுங்கள். வெள்ளைப் பசை நம் ஈரத்தில் நாளடைவில் இளகும். தண்ணீர் தாங்கும் வகை என்று போட்டிருந்தால் பரவாயில்லை.

8ஆம் நம்பர் ஸ்க்ரூவுக்குத் தேக்கில் 3 மி.மீ. முன்துளை, 6ஆம் நம்பருக்கு 2.4. பித்தளை ஸ்க்ரூவை நேரடியாகத் திருகாதீர்கள், கழுத்தில் முறிந்து மீதி மரத்துக்குள் நிற்கும். அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை ஒருமுறை இறக்கி எடுத்துவிட்டு, பித்தளையில் மெழுகுவர்த்தியைத் தேய்த்து இறக்குங்கள். சோப்புத் தேய்க்கும் பழக்கம் உண்டு. சோப்பு ஈரத்தை இழுத்து ஆணியில் பச்சைக் களிம்பு ஏற்றும்.

கடையில் எல்லாமே பித்தளை என்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

காந்தம் கொண்டு போங்கள். ஒட்டினால் இரும்பின்மேல் பூச்சு. ஒட்டாவிட்டாலும் பித்தளை என்று முடிவுகட்ட வேண்டாம், துத்தநாகக் கலவை வார்ப்பும் ஒட்டாது. அடிப்பக்கத்தில் யாருக்கும் தெரியாத இடத்தில் அரத்தால் ஒரு கீறல். உள்ளேயும் மஞ்சளாக இருந்தால் பித்தளை, சாம்பல் நிறமென்றால் கலவை வார்ப்பு. இது வளையாது, சொல்லாமல் முறியும். அலமாரிக்கு ஓகே, தூக்கும் பெட்டிக்கு ஆகாது.

கடலோர வீடுகளில் பித்தளைப் பிடிக்கு இரும்பு ஆணி போட்டால் உப்பு ஈரத்தில் இரும்புதான் அரிக்கப்படும். பிடி பளபளவென்று இருக்க, ஆணி மரத்துக்குள்ளேயே கரைந்து போயிருக்கும். பித்தளைக்குப் பித்தளை ஆணி. அலுமினியத் தகட்டோடு செம்பு ரிவிட் சேர்க்கவே கூடாது. ஸ்டெயின்லெஸ் என்றால் 304 ரகம் நல்லதே. ஆனால் கடல் பார்த்த வீட்டில் அதிலும் தேத்தண்ணீர் நிறக் கறை படியும், துடைத்தால் போகும். 316 கிடைத்தால் வாங்கலாம்.

பழைய போல்ட்டுக்குப் புது நட்டு ஏறவில்லையே?

பழையது அங்குலப் புரி. நம் நாட்டில் மெட்ரிக் அளவுக்கான சட்டம் 1956இல் வந்தது, கன்னியாகுமரி மாவட்டம் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து தமிழ்நாட்டோடு (அன்றைய சென்னை மாநிலம்) சேர்ந்த அதே வருஷம். அதற்கு முந்தைய பெட்டியில் கால் அங்குல போல்ட் என்றால் 6.35 மி.மீ., அங்குலத்துக்கு 20 புரி. இன்றைய 6 மி.மீ. போல்ட்டில் புரிக்குப் புரி ஒரு மில்லி. ஒன்றிரண்டு சுற்று ஏறி இறுகினால் அங்கேயே நிறுத்துங்கள். ஸ்பேனர் போட்டு முறுக்கினால் இரண்டு புரியும் போய்விடும்.

கடையில் நூல் கணக்கில் கேட்டால் சட்டென்று எடுத்துத் தருவார்கள். ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. கால் அங்குலம் இரண்டு நூல். முக்காலே மூணு வீசம் கதை எல்லாம் வேண்டாம், பழைய போல்ட்டையே நீட்டுவது இன்னும் நல்லது.

தோல் பிடி நாமே செய்ய முடியுமா?

முடியும். நிதானமாகச் செய்தால் இரண்டு நாள் வேலை. அதில் ஒரு நாள் காயப்போடுவது. இந்தப் பக்கத்தில் சொல்லும் வேலைகளிலேயே செய்து முடித்தபின் அதிகம் திருப்தி தருவது இதுதான்.

தோல் எது என்பதுதான் முக்கியம். ஆம்பூர், ராணிப்பேட்டைப் பக்கத்திலிருந்து வரும் செருப்புத் தோல் பெரும்பாலும் குரோமியத்தில் பதனிட்டது. மென்மையாக இருக்கும், நனைத்து வளைத்தால் வளைத்தபடி நிற்காது, பாரத்தில் நீளும். பிடிக்கு வேண்டியது ஆவாரம்பட்டை, கடுக்காய் போன்ற தாவரச் சாயத்தில் பதனிட்ட தோல். திண்டுக்கல், ஈரோடு, திருச்சி இதற்குப் பேர் போன இடங்கள். எருமை அல்லது மாட்டுத் தோல், 2.5 மி.மீ. தடிமன். நுனியை வெட்டிப் பாருங்கள்: நடுவில் நீலமோ பச்சையோ தெரிந்தால் குரோமியம், முழுக்கப் பழுப்பாக இருந்தால் நமக்கு வேண்டியது. முதுகுப் பகுதியில் கேளுங்கள், வயிற்றுப் பகுதித் தோல் இழுபடும்.

நீளக் கணக்கு. பெட்டியில் இரண்டு கண்ணுக்கும் இடையே 20 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பிடியும் 20 செ.மீ. என்றால் கை நுழையாது. 4 செ.மீ. மேலே எழும்ப வேண்டும். கை பிடிக்கும் 10 செ.மீ. நேராக நிற்க, இரண்டு பக்கமும் சரிந்து இறங்கும். சரிவு ஒவ்வொன்றும் 6.4 செ.மீ. வரும். ஆக மொத்தம் 23 செ.மீ.க்குச் சற்றுக் குறைவு. 23 என்று எடுத்துக்கொள்ளுங்கள். அஞ்சு ஆறு சென்டிமீட்டர் தாராளமாக விடுகிறவர்கள் உண்டு. அப்போது பெட்டி தொங்கி ஆடும், நடக்கும்போது முழங்காலில் இடிக்கும். இரண்டு முனையும் வளையத்தில் மடங்கத் தலா 4 செ.மீ. சேர்த்தால் வெட்ட வேண்டிய நீளம் 31 செ.மீ.

அகலம். உள்ளே 12 மி.மீ. பருத்திக் கயிறு வைக்கிறோம். அதைச் சுற்றிவர 46 மி.மீ., தையலுக்கு இரு ஓரமும் 8 மி.மீ. சேர்த்து 62 மி.மீ. இது நடு 11 செ.மீ.க்கு மட்டும். அங்கிருந்து முனைகளை நோக்கிச் சரித்து 25 மி.மீ.க்குக் குறைத்து வெட்டுங்கள்.

வெட்டிய தோலைத் தண்ணீரில் போடுங்கள். குமிழி வருவது நின்றதும் எடுத்து, மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்வரை வையுங்கள். சொட்டச் சொட்டச் சுற்றினால் சுருங்கிக் கோணும். கயிறு 11 செ.மீ. நீளம், நுனிகளைக் கத்தியால் சீவிக் கூம்பாக்கி உள்ளே வைத்துத் தோலைச் சுற்றி, ஓரங்களைக் கிளிப்பால் இறுக்கி, லேசான வளைவு கொடுத்து ஒரு நாள் நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் விறைத்து வெடிக்கும்.

காய்ந்ததும் கயிற்றை ஒட்டி 5 மி.மீ.க்கு ஒரு துளை குத்தூசியால் போட்டு, மெழுகிட்ட நூலில் இரட்டை ஊசியால் தையுங்கள். இரண்டு ஊசியும் ஒரே துளையில் எதிரெதிரே போக வேண்டும். ஒரு நூல் அறுந்தாலும் மற்றது பிடித்துக்கொள்ளும். மிஷின் தையலில் ஒன்று அறுந்தால் சரசரவென்று உரியும். நூல் தையல் நீளத்தைப் போல் ஐந்து மடங்கு, அதற்கு மேல் ஒரு முழம். கடைசி மூன்று துளை திரும்பி வந்து அறுங்கள். தைத்தபின் ஓரத்தை 4 மி.மீ. விட்டு அறுத்து, கொஞ்சம் ஈரப்படுத்தி வழவழப்பான கட்டையால் தேய்த்து மழுக்குங்கள். இந்த ஓரம்தான் விரலில் படும்.

முனைகளைப் பித்தளை டி வளையத்தில் மடக்கி, ஒரு செம்பு ரிவிட்டும் நான்கு தையலும். இரும்பு ரிவிட் கூடாது: தாவரச் சாயத் தோலும் இரும்பும் ஈரமும் சேர்ந்தால் மசி. கறுத்த கறை தோலிலும் ஏறும், கையிலும் ஒட்டும், வெள்ளை வேட்டியிலும்.

தோலுக்குத் தேங்காயெண்ணெய் தடவலாமா?

இங்கே எல்லோரும் அதைத்தான் தடவுகிறார்கள். தோல் இளகித் தொய்யும், தூசி ஒட்டும், பூசணமும் பிடிக்கும். குளிர் இடத்துக்குக் கொண்டுபோனால் எண்ணெய் உறைந்து வெள்ளையாகத் திட்டுத் திட்டாகத் தெரியும். தேன்மெழுகு சேர்ந்த தோல் மெழுகை வருஷத்துக்கு இரண்டு முறை, இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழைக்கு முன்னும் ஐப்பசிக்கு முன்னும், துணியில் தொட்டு மெல்லியதாகத் தேய்த்தால் போதும்.

பூசணம் பூத்துவிட்டால் வீட்டுக்கு வெளியே கொண்டுபோய் உலர்ந்த துணியால் துடையுங்கள். உள்ளே துடைத்தால் தூள் மற்ற பெட்டிகளுக்குப் பரவும். பிறகு சர்ஜிக்கல் ஸ்பிரிட்டும் தண்ணீரும் சரிபாதி கலந்து, தெரியாத மூலையில் நிறம் போகிறதா என்று பார்த்துவிட்டு, துடைத்துக் காற்றில் காயவையுங்கள்.

ரெக்சின் பிடி பிசுபிசுவென்று உரிகிறது. எதைத் தடவினால் சரியாகும்?

எதைத் தடவினாலும் ஆகாது. ஈரம் பட்டுப் பட்டு மேற்பூச்சே சிதைந்துவிட்டது. பவுடர் போட்டால் இரண்டு நாள் மறைக்கும். மாற்றுங்கள்.

ஹார்மோனியம் பக்கப்பிடிக்கு நீள ஸ்க்ரூ போட்டால் உறுதிதானே?

உறுதியாகக் காற்றுப் போகும். பக்கப்பலகைக்கு உள்ளே காற்றறை. ஸ்க்ரூ நுனி துளைத்துக்கொண்டு போனால் துருத்தி அழுத்தியதும் சீறும், சுருதி நிற்காது. பலகைத் தடிமனை அளந்து அதைவிட 3 மி.மீ. குறைந்த ஸ்க்ரூ போடுங்கள். பிடிப்பு போதாவிட்டால் நீளத்தைக் கூட்டாமல் எண்ணிக்கையைக் கூட்டுங்கள், இரண்டுக்குப் பதில் நான்கு.

தையல் மிஷின் மூடியில் உள்ள பிடியைப் பிடித்துத் தூக்கலாமா?

பழைய வார்ப்பிரும்பு மிஷின் அடிப்பலகையோடு 10 முதல் 15 கிலோ வரும். மேலே பிடி, நடுவில் வளைத்த ப்ளைவுட் மூடி, கீழே ஒரு சின்னப் பூட்டு. அத்தனையும் அந்தப் பூட்டு நாக்கில் தொங்குகிறது. பிடியை மாற்றிப் பயனில்லை. அடிப்பலகையின் இரு பக்கமும் சூட்கேஸ் கொக்கி ஒவ்வொன்று வைத்து மூடியோடு பூட்டுங்கள். தூக்கும்போது இன்னொரு கை அடியில் இருக்கட்டும்.

ஓலைப்பெட்டி, பிரம்புப்பெட்டிக்கு எப்படிப் பிடி வைப்பது?

முடைந்ததில் துளை போடவே கூடாது. பிடிக் கயிறு ஒரு பக்கம் மேலிருந்து இறங்கி, அடியைச் சுற்றி, மறுபக்கம் ஏறி வர வேண்டும். பாரத்தை அடிப்பாகம் தாங்கும், விளிம்பு கயிற்றை இடத்தில் நிறுத்த மட்டும். கயிறு இரண்டு வரிசையாக, பெட்டி நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு இடைவிட்டு ஓடினால் சாயாது. பிரம்புப் பிடி வேண்டுமென்றால் பெருவிரல் தடிமன் பிரம்பை ஓர் இரவு ஊறவைத்து வளைத்து, கட்டிக் காயவைத்து, சீவிய பிரம்புப் பட்டையால் சுற்றுங்கள். ஊறாமல் வளைத்தால் வெளிவளைவில் நார் பிரியும்.

ஆமாடப்பெட்டி, நெட்டூர் பெட்டி மாதிரிப் பழைய கேரள நகைப்பெட்டிகளுக்கு?

மாற்றாதீர்கள், முடிந்தவரை பழையதையே சரிசெய்யுங்கள். கூரைபோல் சரிந்த மூடியின் உச்சியில் பித்தளைப் பிடி இருப்பது நெட்டூர் பெட்டியின் அடையாளமே. அந்தப் பிடி மூடியைத் திறக்க என்று நினைத்துக்கொண்டு, பெட்டியை இரு கையாலும் அடியில் பிடித்துத் தூக்குங்கள். முறிந்த பிடியை வார்ப்பு வேலை தெரிந்தவரிடம் பற்றவைக்கக் கொடுக்கும்போது மரத்திலிருந்து முழுவதும் கழற்றிக் கொடுக்க வேண்டும். சூடு மரத்தின் அரக்குப் பூச்சைக் குமிழாக்கும்.

புதுப்பிடிதான் என்றால் பழைய துளைகளுக்கே பொருந்துவதாகத் தேடுங்கள். பொருந்தவில்லையா? துளை இடைவெளிக்கு ஏற்ப ஒரு பித்தளைத் தகடு வெட்டிப் பழைய துளையில் பொருத்தி, அதன்மேல் பிடியை வையுங்கள். மரத்தில் புதிதாக ஒரு துளைகூட வேண்டாம். பிராஸோ (பித்தளை பாலிஷ்) போட்டுத் தேய்ப்பதும் வேண்டாம். வெள்ளைப் பொடி மரநாரில் தங்கி என்றைக்கும் போகாது.

வேலையை ஆசாரியிடமே கொடுத்துவிட்டால்?

நல்லதுதான். ஆனால் "பிடி மாத்திக் குடுங்க ஆசாரி" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டு வராதீர்கள். பெட்டிக்குள் எத்தனை கிலோ வைப்பீர்கள் என்று சொல்லுங்கள். வெல்டிங் வேண்டாம், உள்ளே முட்டுத்தகடு வேண்டும், நட்டு உள்பக்கம் வர வேண்டும், கழற்றிய பழைய ஆணியும் பிடியும் திரும்ப வேண்டும் என்ற நான்கையும் துண்டுச்சீட்டில் எழுதிப் பெட்டிக்குள்ளேயே ஒட்டிவிடுங்கள். வாங்கும்போது கடையிலேயே பாரம் வைத்துத் தூக்கிப் பாருங்கள்; வீட்டுக்கு வந்து பார்த்தால் மறுபடி ஒரு பஸ் பிடிக்க வேண்டியிருக்கும்.